ஹுமா நிறுத்திய வண்டி

லப்பைக்குடிக்காடு,
வியாழக்கிழமை, அஸர் தொழுத பின்.

அன்பு மகன் முகமது ஆசிக்குக்கு அம்மா சுல்தானா எழுதுவது. உன்மேல் சாந்தி நிலவட்டும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அத்தாவும் உன் தங்கை ஹுமாவும் சுகம். ஷார்ஜாவில் வெயில் தணிந்துவிட்டதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்க நினைத்தால், நீ போனை எடுப்பதில்லை. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

அடுத்த தெரு அப்துல் ஹாதி லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறுகிறான். அவன் கையில் இதையும், பருப்புப் பொடியும், உனக்குப் பிடித்த எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்தனுப்புகிறேன். போனைப் பாதியில் வைத்துவிடலாம். காகிதம் நீ படித்து முடிக்கிறவரை காத்திருக்கும்.

முதலில் ஊர்ச் செய்தி. வெள்ளாற்றில் இந்த முறை தண்ணீர் நன்றாக வந்தது. அத்தாவின் கமிஷன் கடைக்குச் சின்ன வெங்காயம் வரத் தொடங்கிவிட்டது. கிட்டங்கியில் பாதி மூட்டையும் பாதி உங்கள் காருமாகக் கிடக்கிறது. மர்ஜியா மாமிக்குக் கண் ஆபரேஷன் ஆகி, கறுப்புக் கண்ணாடியோடு வீட்டுக்கு வீடு போய் எல்லோரையும் பயமுறுத்துகிறாள். அத்தாவின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. தைலம் தேய்க்கச் சொன்னால், அது வலியோடு சேர்ந்து தன்னையும் உருக்குகிறதாம்.

இனி வண்டி விஷயம்.

அன்றைக்குக் கல்லங்குறிச்சிப் பக்கம் நடந்ததில் நீ பார்த்தது, ஹுமாவின் தோழி புவனேஸ்வரியின் கையிலிருந்த போன் காட்டிய அளவு மட்டும். நான் அங்கே நின்றவள். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அதனால் நீ அறிந்ததையும் சேர்த்தே முதலிலிருந்து எழுதுகிறேன். இயந்திரத்தைப் பற்றி நான் எழுதுவதில் தப்பிருந்தால் சிரித்துக்கொள்.

நீயும் ஹுமாவும் கிட்டங்கியில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே இரும்புக் குழாய்களை வெல்டு வைக்கத் தொடங்கியபோது, அது கார் ஆகும் என்று நான் நம்பவில்லை. பழைய வேன் எஞ்சின், ஜீப்பின் பின் அச்சு, இரண்டே இருக்கை, கூரையும் கிடையாது. உன் லீவுகள் அத்தனையும் அதன் அடியில்தான் போயின. நீ ஷார்ஜா திரும்பிய பிறகு ஹுமாவும், அவளோடு பெரம்பலூர் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தும் புவனாவும் ஒவ்வொரு விடுமுறை நாளும் அங்கேயே கிடந்தார்கள். நீ வரைந்த உருவத்துக்கு இம்மி பிசகாமல் தகடு வளைத்து, நீ சொன்ன மிளகாய்ச் சிவப்பை அடித்தபோது, கடைக்கு வந்த விவசாயிகள் மூட்டையை இறக்காமல் நின்று பார்த்தார்கள். வரைந்தது என் மகன் என்று ஒவ்வொருவரிடமும் அத்தா சொன்னார்.

வீட்டில் கட்டிய வண்டியை ரோட்டில் ஓட்ட அனுமதி இல்லை என்பதால், அத்தா லாரிக்கார அய்யம்பெருமாள் அண்ணனிடம் இடம் கேட்டார். நம் வெங்காயத்தை ஏற்றிப் போகிறவர்தானே. அரியலூரைத் தாண்டி கல்லங்குறிச்சிப் பக்கம் அவருக்குச் சொந்தமான பெரிய திடல் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் லாரிகளுக்காக ஒரு காலத்தில் போட்ட நேர்ச்சாலை அதற்குள் ஓடுகிறது. சுரங்கத்தை மூடிய பிறகு அதில் ஆடு மேய்வதோடு சரி. வண்டியைத் தன் மினி லாரியிலேயே ஏற்றிக்கொண்டு போனார்.

அத்தா யாரை அழைத்தார் என்று கேட்பதைவிட யாரை அழைக்கவில்லை என்று கேட்பது சுலபம். இரண்டு வேன் நிறைய நம் சொந்தக்காரர்கள். மர்ஜியா மாமி பிரியாணித் தேக்சாவோடு இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, “இதுல வெங்காய மூட்ட எத்தன ஏறும்டி?” என்று கேட்டாள். “மூட்ட ஏறும் மாமி, உங்கள ஏத்துனாத்தான் மூட்டைக்கு இடம் பத்தாது” என்றாள் ஹுமா. எல்லோரும் சிரித்தார்கள். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கையில் உன் அத்தா, பெருநாள் சட்டையோடு, மாப்பிள்ளை மாதிரி. புவனா பிடித்திருந்த போனில் நீ.

முதல் முறை மெதுவாகப் போய் வந்தாள். அடுத்த முறை கொஞ்சம் வேகம். அதற்கடுத்த முறை நாங்கள் நின்ற இடத்தைத் தாண்டி நன்றாகவே பறந்தது. கைதட்டலில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. திடீரென்று வேகம் குறைந்தது. தானாக உருண்டு போய்ச் சாலையின் நடுவில் வண்டி நின்றது.

உள்ளே நடந்ததை அத்தா பிறகு சொன்னார். “அத்தா, சீட்டுல கை வைங்க, ஏதாச்சும் தெரியுதா?” என்று அவள் கேட்டிருக்கிறாள். எஞ்சின் ஓடினால் அதிரத்தானே செய்யும் என்றாராம் இவர். “இது எஞ்சின் இல்ல அத்தா. வேகம் ஏற ஏறக் கூடுது. நியூட்ரல்ல போட்டு உருட்டினாலும் விடல. அடியில ஓடுற ஷாஃப்ட்டுதான்” என்று சொல்லிவிட்டு, இறங்கி எங்களிடம் நடந்து வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி, “இன்னைக்கு இவ்வளவுதான். வண்டிய ஏத்திடலாம்” என்றாள்.

அப்போது யார் யார் என்ன சொன்னார்கள் என்பது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “ரேசு காருன்னு சொன்னாங்க, பிரியாணி ஆறதுக்குள்ள முடிஞ்சுபோச்சே” என்றது ஒரு குரல். பொட்டப்புள்ளைக்கு வேகம் வந்ததும் கால் நடுங்கிவிட்டது என்றது இன்னொன்று. அய்யம்பெருமாள் அண்ணன்கூட, “ஏம்மா, என் லாரி இதவிடக் குலுங்கும். அதுலயே கொச்சி வரைக்கும் போயிட்டு வரேன். ஒரு மிதி மிதிச்சா சரியாயிடும், போ” என்றார்.

நீ சொன்னதையும் எழுதிவிடுகிறேன். “இத்தன பேரு வந்திருக்காங்க, முழுசா ஒரு தடவ மிதிடி. பயமா இருந்தா எறங்கு, புவனா ஓட்டட்டும்” என்றாய். புவனா உடனே, “நானும் ஓட்ட மாட்டேன் அண்ணே” என்றாள். நீ போனை வைத்தாய். அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை.

அன்று அத்தா பிரியாணியைத் தொடவில்லை.  மறுநாள் கடைக்கு வந்த ஒருவர், “மொதலாளி, காரு எப்ப ஊர்கோலம் வருது?” என்று கேட்டபோது தராசையே பார்த்துக்கொண்டிருந்தாராம். ஹுமா யாரிடமும் வாதாடவில்லை. வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் டார்ச் பிடித்தேன்.

அந்த ஷாஃப்ட்டை அவள் வெளியே எடுத்தபோதுதான் நான் முழுதாகப் பார்த்தேன். எஞ்சினின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற நீள இரும்புக் குழாய். இரண்டு இருக்கைக்கும் நடுவில், உட்கார்ந்திருப்பவர் இடுப்பை ஒட்டி ஓடுகிறது. வேகத்தில் அது முன்பக்கம் அறுந்தால் சாட்டைபோல் சுழன்று அடிக்குமாம். முனை தரையில் ஊன்றினால் வண்டியையே தூக்கிவிடுமாம். அதற்காகத்தான் குழாயைச் சுற்றி இரண்டு தடித்த இரும்பு வளையங்களை அவள் அடிச்சட்டத்தில் பூட்டியிருக்கிறாள், அறுந்தாலும் அதற்குள்ளேயே கிடக்கட்டும் என்று. வீண் எடை, கழற்றிப் போடு என்று நீ சண்டை போட்ட அதே வளையங்கள்தான்.

குழாயைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வெகு நேரம் தடவினாள். பிறகு புவனாவைக் கூப்பிட்டு, திருச்சியில் முதலில் செய்து வாங்கியபோது எடுத்த போட்டோவைக் காட்டச் சொன்னாள். இருவரும் பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உடனே அதைத் திருச்சிக்கு எடுத்துப் போக வேண்டும் என்றார்கள்.

திருச்சிக்கு நானும் போனேன். சாக்கில் சுற்றிய ஷாஃப்ட்டை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு பஸ்ஸில் மூன்று பெண்கள். கண்டக்டர், “என்னக்கா, பீரங்கியா? அதுக்கும் ஒரு சீட்டு கிழிக்கவா?” என்றார். ஹுமாவும் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

அங்கே ஷாஃப்ட் சமன் பார்க்கிற பட்டறை வைத்திருப்பவர் பெயர் செந்தில்குமார். முதலில் சமன் செய்து கொடுத்தவரும் அவரே. குழாயை மெஷினில் மாட்டிச் சுழலவிட்டதும் மேஜையோடு சேர்த்து எல்லாம் நடுங்கின, சட்டென்று நிறுத்திவிட்டார். குழாய் ஒரே சீராகச் சுழல்வதற்காக அவர் அதன்மேல் சின்னதாக இரண்டு தகட்டுத் துண்டுகளை ஒட்டியிருந்தாராம். புவனாவின் போட்டோவில் இரண்டும் தெரிகின்றன. குழாயில் இல்லை. அந்த இடம் கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தது. முனையில் வெல்டு வைத்த மேடும் அரைத்துச் சமமாக்கப்பட்டிருந்தது.

“யாரும்மா இத அரைச்சது?” என்று அவர் கேட்டார். “அது கெடக்கட்டும் அண்ணே, வெல்டு நல்லா இருக்கான்னு மட்டும் பாருங்க” என்றாள் ஹுமா. அவர் வெல்டின்மேல் ஏதோ சிவப்பு மருந்தை அடித்து, துடைத்து, வெள்ளையாக இன்னொன்றை அடித்தார். கொஞ்ச நேரத்தில் அந்த வெள்ளையில் தலைமுடிபோல ஒரு சிவப்புக் கோடு தானாகக் கசிந்து வந்தது. விரிசல். முழு வேகத்தில் மிதித்திருந்தால் அது தாங்கியிருக்காது என்றார். புவனா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மகனே, எனக்கு அப்போது வேறொரு நாள் கண்ணில் வந்தது. உன் போன லீவின் கடைசி வாரம். பரீட்சை வேலைக்காக ஹுமா பெரம்பலூரில் தங்கியிருந்தாள். அவள் திருச்சியிலிருந்து வாங்கி வைத்திருந்த குழாயை நீ கிட்டங்கி வாசலில் கிடத்தி, என் பழைய துப்பட்டாவை முகத்தில் கட்டிக்கொண்டு, பொறி பறக்க மெஷினால் தேய்த்தாய். நான் டீ கொண்டுவந்தேன். “வெள்ளிக் கொலுசு மாதிரி இருக்கணும்மா. எவனாச்சும் குனிஞ்சு அடியில பார்த்தாலும் பளபளன்னு தெரியணும்” என்றாய். விருந்தாளி வருவதற்குள் செம்பு, தாம்பாளம் எல்லாம் புளி போட்டு விளக்கி வைக்கிற வீட்டுப் பிள்ளை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதைச் சுத்தமான துணியில் சுற்றி, தங்கைக்கு என்று எழுதி வைத்துவிட்டு நீ விமானம் ஏறினாய்.

திரும்பும் பஸ்ஸில் அவளிடம் கேட்டேன், அண்ணன்தானே என்று. குழாயின்மேல் சாக்கை இழுத்து மூடினாள்.  “அவன்கிட்ட சொல்லிடாதீங்கம்மா. லீவு முழுக்க வண்டிக்கு அடியிலேயே கெடந்தான். ஆசையில செஞ்சது. தெரிஞ்சா அங்க ஒத்தையா உக்காந்து இதையே நெனச்சுக்கிட்டிருப்பான்.” “உன்னத் திட்டிட்டுப் போன வச்சானே” என்றேன். “திட்டட்டும். பயந்தாங்கொள்ளின்னா சொன்னான், சொல்லிட்டுப் போறான். எனக்கு என்ன கொறஞ்சுபோச்சு? பூட்டுறதுக்கு முன்னாடி மறுபடியும் மெஷின்ல வச்சுப் பார்க்காதது என் தப்புதானே” என்றாள்.

வீட்டுக்கு வந்து அத்தாவிடமும் அதையே சொன்னாள். சோதிக்காமல் பூட்டிவிட்டேன் அத்தா, தப்பு என்னுடையது என்றாள். அத்தா அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். பிறகு கிட்டங்கிக்குப் போய், தான் உட்கார்ந்திருந்த இருக்கைக்கும் ஷாஃப்ட் ஓடும் பள்ளத்துக்கும் நடுவில் கையை வைத்து அளந்து பார்த்தார். ஒரு கை அகலம்கூட இல்லை. திரும்பி வந்து அவள் தலையில் கை வைத்தார். மறுநாள் கடையில் அதே ஆள் மறுபடி ஊர்கோலம் என்று ஆரம்பித்தபோது, கடைத்தெருவுக்கே கேட்கிற மாதிரி, “என் மவ அன்னைக்கு வண்டிய நிறுத்தினா. அதனாலதான் நான் இங்க உக்காந்து ஒங்கிட்டப் பேசிக்கிட்டிருக்கேன்” என்றாராம். ஹாதி அப்போது கடையில் இருந்தான், அவனிடம் கேட்டுப்பார்.

மஃரிபுக்கு நேரமாகிவிட்டது. மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை.

ஹாதியின் டிக்கெட் வியாழனுக்கு மாறிவிட்டது. அதுவும் நல்லதுக்குத்தான், உனக்குச் சொல்ல எனக்கு இன்னொன்று கிடைத்தது.

புது ஷாஃப்ட் வந்துவிட்டது. புதுக் குழாய், புது முனைகள். இரண்டு முனையும் ஒன்றுக்கொன்று திரும்பாமல் நேராக இருக்கிறதா என்று ஹுமா தரையில் வைத்துப் பார்த்து, பெயின்ட்டை முன்னாலேயே அடிக்கவைத்து, அதற்குப் பிறகுதான் சமன் பார்க்கச் சொன்னாள். பெயின்ட்டுக்கும் எடை உண்டாம். வாங்கி வந்து, பூட்டும் முன், சமனுக்காக ஒட்டிய ஒவ்வொரு தகட்டையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். ஒரே கறுப்பு. தகடுகள் தெற்றுப்பல் மாதிரி துருத்திக்கொண்டு நிற்கின்றன. பார்க்க ஒரு லட்சணமும் இல்லை. எனக்கு இப்போது அதைப் பார்த்தால்தான் மனசு நிறைகிறது.

ஞாயிற்றுக்கிழமை அதே திடலுக்குப் போனோம். இந்த முறை அத்தா யாரையும் அழைக்கவில்லை. ஹுமா, புவனா, நாங்கள் இருவர், இடத்துக்காரர் அய்யம்பெருமாள் அண்ணன். பக்கத்து இருக்கையில் யார் என்று வந்தபோது நான் ஏறினேன். அத்தா ஹெல்மெட்டை என்னிடம் நீட்டினார். முன்றானையை இழுத்துச் செருகி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். அந்தப் போட்டோவைப் புவனா உனக்கு அனுப்பியிருப்பாள், சிரிக்காதே.

முதலில் மெதுவாக. பிறகு வேகம். போன தடவை அவள் நிறுத்திய இடம் வந்தபோது, எனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த அந்த மேட்டின்மேல் உள்ளங்கையை வைத்தேன். கீழே அது சுழன்றுகொண்டிருக்கிறது, எனக்குத் தெரியும். தூங்குகிற பூனையின் முதுகில் கை வைத்தால் தெரிகிற அளவுதான் தெரிந்தது. ஹுமா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் இன்னும் கொஞ்சம் மிதித்தாள். காற்றில் எனக்கு மூச்சு முட்டியது, ஆசிக். இப்படி ஒன்றை என் வயிற்றில் பிறந்தவர்கள் கிட்டங்கியில் உட்கார்ந்து செய்தார்களா என்று நினைத்தேன். அந்த எஞ்சின் சத்தத்தில் நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. நல்லது.

இறங்கியதும் அய்யம்பெருமாள் அண்ணன் வந்து வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். “அன்னைக்கு நான் சொன்னத மனசுல வச்சுக்காத தாயி. அந்த விரிசல ஒங்க அத்தா காட்டினாரு. இந்த வளையம் இருக்கே, என் வேனுக்கும் இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடு. அதுல இஸ்கூல் புள்ளைங்க போவுது” என்றார். அடுத்த வாரம் அவர் வேன் நம் கிட்டங்கிக்கு வருகிறது. வெங்காய மூட்டைகளை இன்னும் கொஞ்சம் தள்ள வேண்டும் என்று அத்தா இப்போதே ஆட்களை விரட்டிக்கொண்டிருக்கிறார்.

அத்தாவுக்கு ஆசை தாங்கவில்லை. இன்னும் ஒரு ரவுண்டு, முழு வேகத்தில் போய் வாம்மா என்றார். ஹுமா சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். “முழு மிதி அண்ணன்தான் மிதிக்கணும். வண்டி அவன் வரைஞ்சது. நான் பக்கத்துல உக்காருவேன்” என்றாள். உன்னைப் பற்றிச் சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தம் இல்லை. ஆனால் போன் அடிக்கும்போதெல்லாம் முதலில் ஓடிப்போய்ப் பார்க்கிறவள் அவள்தான்.

சொல்லாதே என்று அவள் கேட்டும் நான் ஏன் எழுதினேன் என்று நீ நினைக்கலாம். நீ அங்கே லிஃப்ட் பழுது பார்க்கிறாய். அதில் ஏறுகிறவர்களில் ஒருவரும் உன் முகத்தைப் பார்த்ததில்லை. உன் கையை நம்பிக் கதவை மூடிக்கொள்கிறார்கள். உன் கை நல்ல கை. அதற்குத் தெரிய வேண்டியது ஒன்று குறையக் கூடாது என்றுதான் எழுதினேன். உன்மேல் குற்றம் வைக்க இல்லை. துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு பொறிக்கு நடுவில் நீ உட்கார்ந்திருந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். பிள்ளைகள் இருவரும் ஒன்றையே இவ்வளவு ஆசையாகப் பார்த்த வீடு இந்தத் தெருவில் வேறு இல்லை.

இந்தக் கடிதத்தைப் பற்றி அவளிடம் மூச்சு விடாதே. உனக்காக அவள் மூடி வைத்ததை, அவளுக்காக நீயும் மூடியே வை. மன்னிப்பு கேட்கிறேன் என்று அழுது அவளையும் அழவைக்காதே. போன் செய். அவள்தான் எடுப்பாள். “ஷாஃப்ட் எப்படி இருக்கு?” என்று மட்டும் கேள். அவள் வளையத்திலிருந்து தொடங்கித் தகடு வரைக்கும் சொல்லிக்கொண்டே போவாள். நடுவில் போனை வைத்துவிடாமல் கடைசிவரை கேள், மகனே.

உன் கையிலும், உன் கையை நம்பி ஏறுகிறவர்கள் மேலும் இறைவனின் காவல் இருக்கட்டும். அடுத்த லீவில் நீ நலமாக வந்து வண்டி ஓட்டும் அந்த வலப்பக்க இருக்கையில் உட்கார துஆ செய்துகொண்டிருக்கிறேன். வஸ்ஸலாம்.

உன் அம்மா,
சுல்தானா ஜமால் முகமது.